அரியலூர் மாவட்டத்தை ஒற்றைச் சராசரியால் அளக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி வரும் செய்திகளிலும் கட்டுரைகளிலும் சாதிவாரிக் கணக்கும் தொகுதி மறுவரையறையும் விரிவாகவே பேசப்படுகின்றன. அந்தக் கணக்கு ஒரு மாவட்டத்துக்குள் எப்படிப் பயன்படப்போகிறது என்ற கேள்வியை எழுப்புவோர் குறைவு. மாநிலத்திலேயே நகர்ப்புற மக்களின் பங்கு மிகக் குறைவாக உள்ள மாவட்டம் என்று 2011 கணக்கெடுப்பு காட்டிய அரியலூர் மாவட்டத்தில் வசிப்பவன் என்ற முறையில், அதைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

2011 கணக்கின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 7,54,894. ஏறத்தாழ 1,950 சதுர கிலோமீட்டர் பரப்பில், சதுர கிலோமீட்டருக்கு 389 பேர் வாழ்ந்தார்கள். அப்போது மாநிலத்தின் மக்கள் அடர்த்தி 555. மாநில மக்களில் 48 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தபோது, இங்கு நூற்றுக்கு 89 பேர் கிராமங்களில் இருந்தார்கள். 2001 முதல் 2011 வரை மாநில மக்கள்தொகை 15.6 விழுக்காடு பெருகியது, இங்கோ 8.54 விழுக்காடுதான். எழுத்தறிவு மாநிலத்தில் 80.09, இங்கு 71.34. பதினைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு திட்டக் குறிப்பிலும், ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் இந்த எண்களே திரும்பத் திரும்ப வாசிக்கப்படுகின்றன. இவற்றைக் கேட்பவருக்கு, எங்கும் ஒரே மாதிரியான, ஓரளவு பின்தங்கிய ஒரு விவசாய மாவட்டம் மனத்தில் தோன்றும். அப்படி ஒரு மாவட்டம் இங்கு இல்லை.

தெற்கே கொள்ளிடமும் வடக்கே வெள்ளாறும் எல்லையாக அமைந்த இந்த நிலப்பரப்பில், ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தாலும் மூன்று வெவ்வேறு வாழ்க்கைகள் நடக்கின்றன. திருமானூர், தா.பழூர் ஒன்றியங்களில் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர்கள் பேச்சிலும் பயிரிலும் தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவை. அங்கு நெல்லும் கரும்பும் விளைகின்றன. மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்பதே பேச்சாக இருக்கும். புள்ளம்பாடி வாய்க்காலில் வரும் காவிரி நீர்தான் கரைவெட்டி ஏரியையும் நிரப்புகிறது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024-இல் சேர்க்கப்பட்ட அந்த ஏரிக்கு வலசை வரும் பறவைகளும் அந்த நீரை நம்பித்தான் வருகின்றன. மேற்கிலும் வடக்கிலும் அரியலூர், செந்துறை வட்டாரங்களில் கரிசல் நிலம் பரந்து கிடக்கிறது. மழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர்கள் அங்கே மிகுதி. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த அந்தப் பகுதியில்தான், கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பி சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போனால் மண் சிவந்துவிடும். முந்திரிக்காடுகளும் பலா மரங்களும் நிலக்கடலைக் கொல்லைகளும் தொடங்கும். அங்கு ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஆழ்துளைக் கிணறு போட வசதியுள்ளவருக்கு ஒரு வாழ்வு, வசதியற்றவருக்கு வேறொரு வாழ்வு.

இந்த மூன்றையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் சராசரி, மூன்றில் எதற்கும் பொருந்தாது. வறட்சி நிவாரணம் பற்றிப் பேசும்போது கொள்ளிடக்கரை வயல்கள் மாவட்டத்தின் நிலையை நல்லதாகக் காட்டிவிடும். வெள்ளச் சேதம் பற்றிப் பேசும்போது முந்திரிக்காட்டு மேட்டு நிலம் சேதத்தின் விழுக்காட்டைக் குறைத்துக் காட்டிவிடும். தனி மனித வருமானம் பற்றிப் பேசும்போது சிமெண்ட் ஆலைகளின் உற்பத்தி மதிப்பும் அதில் சேர்ந்துகொள்ளும். ஆலையின் வருமானம் ஊராரின் வருமானம் ஆகிவிடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மக்கள் எந்தத் திசையில் போய்வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைநகரான அரியலூர் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. விழுப்புரம் – திருச்சி கார்டு (குறுக்குவழி) ரயில் பாதை அரியலூரையும் செந்துறையையும் தொட்டுக்கொண்டு போய்விடுவதால், ஜெயங்கொண்டத்துக்கோ ஆண்டிமடத்துக்கோ ரயில் இல்லை. தா.பழூர் பக்கத்து மக்கள் அணைக்கரை வழியாகக் கும்பகோணத்துக்குப் போகிறார்கள். திருமானூர்க்காரர்கள் கொள்ளிடம் பாலத்தைக் கடந்து திருவையாறு, தஞ்சாவூர் என்று போகிறார்கள். ஆண்டிமடத்தார்க்கு விருத்தாசலமும் நெய்வேலியும் பழக்கமான ஊர்கள். 2022-இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது உண்மையிலேயே பெரிய பேறு. ஆயினும் அவசரத்துக்கு அணைக்கரைப் பக்கத்துப் பிரசவப் பெண்ணைக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோவதுதான் பக்கம். சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற தலைக்கணக்கு மட்டும் போதாது, எத்தனை கிலோமீட்டருக்குள் என்ற கணக்கும் சேர வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான். மக்கள் அடர்த்தி குறைந்த ஒன்றியத்தில் அந்த முப்பதாயிரம் பேரைச் சேர்க்கப் பெரும் பரப்பை வளைக்க வேண்டியிருக்கும்.

கிராமம் என்ற வகைப்பாடே இங்கு ஓரளவு மயக்கம் தருவது. குறைந்தது ஐயாயிரம் மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முழுநேர வேலை செய்யும் ஆண்களில் முக்கால் பங்கினர் விவசாயத்துக்கு வெளியே இருத்தல் ஆகிய மூன்றும் அமைந்தால்தான் ஓர் ஊராட்சியைக் கணக்கெடுப்பு ‘நகரம்’ என்று வகைப்படுத்தும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய சிற்றூர்களில் பாதி வீடுகள் ஆலை வேலை, லாரி ஓட்டுதல், ஒப்பந்தக் கூலி ஆகியவற்றால் பிழைக்கின்றன என்றாலும், ஐயாயிரம் பேர் இல்லாத காரணத்தால் அவை கிராமங்களாகவே எண்ணப்படும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் இரவும் பகலும் ஓடுவதால் தேய்ந்த சாலையும், கூரையிலும் செடிகளிலும் படியும் தூசியும் தொழில் நகரத்துக்குரியவை; அந்த ஊர்களுக்குக் கிடைக்கும் நிதியும் பணியாளர்களும் சிற்றூருக்குரியவை. கைவிடப்பட்ட சுரங்கப் பள்ளங்களில் தேங்கும் மழைநீரை ஏரிக் கணக்கில் சேர்ப்பதா, ஆபத்துக் கணக்கில் சேர்ப்பதா என்பதைக்கூட ஊருக்கு ஊர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பாலின விகிதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. 2011-இல் இம்மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள் இருந்தார்கள். மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதே ஆண்டு, அதே மாவட்டத்தில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 897 பெண் குழந்தைகளே இருந்தார்கள். மாநிலத்தின் சராசரி 943 என்பதை நினைத்தால், தமிழ்நாட்டின் மிக மோசமான எண்களில் ஒன்றை நாம் பெருமைக்குரிய எண்ணின் நிழலில் மறைத்து வைத்திருக்கிறோம் என்பது புலப்படும். முதல் எண் உயர்ந்ததற்கு ஒரு காரணம், வேலைக்கு வெளியூர் போன ஆண்கள். நம் நாட்டுக் கணக்கெடுப்பில் எண்ணிக்கைக் காலம் முழுவதும் வீட்டில் இல்லாதவர் அந்த வீட்டில் எண்ணப்படுவதில்லை. திருப்பூரிலோ சென்னையிலோ இருந்தால் அங்கே எண்ணப்படுவார், வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் எங்குமே எண்ணப்படமாட்டார். பிழைக்கப் போன ஆண்கள் விட்டுச்சென்ற இடைவெளியைப் பெண்களுக்குக் கிடைத்த மதிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. அன்று ஆறு வயதுக்கு உட்பட்டிருந்த அந்தத் தலைமுறை இன்று பள்ளி மேல்வகுப்புகளிலும் கல்லூரிகளிலும் இருக்கிறது. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994 முதல் இருக்கும் நாட்டில், எந்த ஊராட்சிகளில் அந்த விகிதம் சரிந்தது என்பதைப் புதிய கணக்கு வந்தவுடன் ஊர்வாரியாக ஆராய வேண்டும். மாவட்டச் சராசரி சற்று உயர்ந்திருந்தால் அதைக் காட்டிக் கோப்பை மூடிவிடக் கூடாது.

எழுத்தறிவு எண்ணுக்கும் இதே கதைதான், ஆனால் எதிர்த்திசையில். 71.34 என்ற பழைய எண்ணை வைத்துக்கொண்டு இம்மாவட்டத்தைக் கல்வியில் பின்தங்கியது என்று இன்னும் எழுதுகிறார்கள். 2024-இல் பத்தாம் வகுப்புத் தேர்வில் 97.31 விழுக்காட்டுத் தேர்ச்சியோடும், 2025-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 98.82 விழுக்காட்டுத் தேர்ச்சியோடும் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது இதே அரியலூர் மாவட்டம். இரண்டு எண்களும் உண்மையே. பேரப்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய வீட்டில் பாட்டி இன்றும் கைநாட்டு வைக்கிறார். வயதையும் பாலினத்தையும் பிரித்துக் காட்டாத எழுத்தறிவு விகிதத்தால் முதியோர் கல்வி எந்த ஊருக்குத் தேவை, கல்லூரியும் வேலைவாய்ப்பும் எந்த ஊருக்குத் தேவை என்பதை அறிய முடியாது. ஜெயங்கொண்டம் அருகே மகிமைபுரத்தில் காலணித் தொழிற்சாலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. அங்கு வேலைக்குச் செல்லக்கூடிய வயதில், அன்றாடம் போய்வரக்கூடிய தொலைவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், 2011-ஆம் ஆண்டுக் கணக்கைத்தான் இன்று காட்ட வேண்டியிருக்கும்.

இதே ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் நிலம் கையகப்படுத்தப்பட்டு, திட்டம் வராமலேயே ஆண்டுகள் கழிந்து, பின்னர் அந்த நிலங்களை உரியவர்களிடமே திருப்பித் தர அரசு முடிவெடுத்ததை வாசகர்கள் அறிவார்கள். இத்தனை ஆண்டுகள் நிலையின்றி இருந்த அந்த ஊர்களில் எத்தனை குடும்பங்கள் வெளியேறின, எத்தனை தங்கின என்பதும் மாவட்ட மொத்தத்தில் கரைந்துபோகும் ஒரு செய்தி.

எல்லைகளும் எங்கள் மாவட்டத்தில் நிலையாக இருந்ததில்லை. திருச்சி மாவட்டத்தில் இருந்த நாங்கள் 1995-இல் பெரம்பலூர் மாவட்டத்துக்குள் வந்தோம். 2001 ஜனவரியில் தனி மாவட்டமானோம். 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தோம். அந்தக் குறுகிய இடைவெளியில் 2001 கணக்கெடுப்பு நடந்ததால் அரியலூருக்குத் தனிக் கணக்கு கிடைத்தது தற்செயலான நன்மை. ஆண்டிமடம் வட்டத்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 2011-க்குப் பிறகு உடையார்பாளையம் வட்டத்திலிருந்து பிரிந்ததால், வட்டம் என்ற நிலையில் அதற்கு ஒரு கணக்கெடுப்புகூட இல்லை. கிராமம் கிராமமாகக் கூட்டிப் பார்த்தால்தான் அதன் மக்கள்தொகை தெரியும்.

கிராமவாரியான புள்ளிவிவரங்களைக் கணக்கெடுப்புத் துறை வெளியிடாமல் இல்லை. மாவட்டக் கையேட்டில் அவை ஆங்கில அட்டவணைகளாக, நூற்றுக்கணக்கான பக்கங்களில் கிடக்கின்றன. ஊராட்சித் தலைவரோ, வார்டு உறுப்பினரோ, கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்க நினைக்கும் சுய உதவிக் குழுப் பெண்ணோ அவற்றைத் திறந்து பார்ப்பது நடக்கக்கூடியதா? இம்முறை கணக்கெடுப்பு கைப்பேசிச் செயலி வழியாக நடப்பதால், முன்பு போல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தேவை இராது என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் மாவட்டத்தின் 201 ஊராட்சிகளுக்கும் தலா ஒரு பக்கம் தமிழில் தருவது அரசுக்குப் பெரிய செலவாகாது. மக்கள்தொகை, ஆறு வயதுக்குட்பட்ட ஆண் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை, வயதுவாரி எழுத்தறிவு, விவசாயத்தில் இருப்போர், வெளியே வேலை பார்ப்போர், குடிநீர் எங்கிருந்து வருகிறது என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, கிராம சபையில் வாசிக்கச் செய்ய வேண்டும். மாவட்ட ஆட்சியரகத்தில் திட்டம் வகுக்கும்போது மாவட்டச் சராசரியை ஒதுக்கிவிட்டு, கொள்ளிடக்கரை, கரிசல் – சுரங்கப் பகுதி, செம்மண் மேட்டு நிலம் என்று மூன்றாகவாவது எண்களைப் பிரித்து வைத்துப் பேச வேண்டும்.

கணக்கெடுப்பு நாட்களில் மக்கள் பங்குக்கும் ஒன்று உண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் மகனைக் குடும்ப அட்டையில் பெயர் இருப்பதால் இங்கேயும் சொல்லிவிடுவதும், அவர் அங்கேயும் பதிவாவதும், கணக்கை இரு இடத்திலும் கெடுக்கும். எண்ணிக்கையில் சேராவிட்டால் ரேஷன் போய்விடும் என்ற அச்சம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. கணக்கெடுப்பில் தரும் தனிநபர் விவரம் சட்டப்படி இரகசியமானது, எந்தச் சலுகையையும் நிறுத்த அதைப் பயன்படுத்த முடியாது என்பதை வருவாய்த் துறையினர் தண்டோராப் போட்டாவது முன்கூட்டியே ஊர்தோறும் அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செந்துறை வட்டம், அரியலூர் மாவட்டம்.