எழுத்து கையில், வார்த்தை எங்கே?

அன்புள்ள முருகா,

கடிதம் கிடைத்தது. எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கில வார்த்தை அமைக்கும் ஸ்கிராபிளில் ஜே, வி, க்யூ மாதிரி எழுத்து கையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையை ஆறு வாய்ப்பில் ஊகிக்கும் வேர்டிலுக்காகச் சொற்பட்டியலில் எழுத்தைப் போட்டுத் தேடினால் ஏன் நூற்றுக்கணக்கில் வார்த்தை வந்து கொட்டுகிறது என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆட்டத்தில் பாதி நேரம் அங்கேதான் வீணாகிறது.

ஓர் எழுத்தைப் பற்றி மூன்று விதமான செய்திதான் கிடைக்கும். இந்த இடத்தில் இருக்கிறது; எங்கோ இருக்கிறது, ஆனால் இந்த இடத்தில் இல்லை; இல்லவே இல்லை. வேர்டிலில் இவை முறையே பச்சை, மஞ்சள், சாம்பல் நிறங்கள். மஞ்சளில் இரண்டு செய்தி அடங்கியிருப்பதை மறந்துவிட்டு 'இருக்கிறது' என்பதை மட்டும் தேடலில் போடுவதால்தான் பட்டியல் நீள்கிறது. எந்த இடத்தில் இல்லை என்பதையும் சேர்த்துப் போடு, பட்டியல் மளமளவென்று சுருங்கும்.

சாம்பலிலும் ஒரு கண்ணி உண்டு. நீ 'ஸ்பீட்' என்று போடுகிறாய், அதில் ஆங்கில எழுத்தான இ இரண்டு. விடையில் இருப்பதோ ஒரே ஒரு இ, அதுவும் வேறு இடத்தில். முதல் இ மஞ்சளாகும், இரண்டாவது சாம்பலாகும். அந்தச் சாம்பலைப் பார்த்து இ உள்ள வார்த்தைகளையெல்லாம் கழித்தால் விடையும் சேர்ந்தே போய்விடும். 'இரண்டாவது இ இல்லை, இந்த இடத்திலும் இல்லை' என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.

சொற்பட்டியல் கோப்பை இறக்கி, கோப்பில் எழுத்துகளைத் தேடித் தரும் கிரெப் என்ற கணினிக் கட்டளையில் தேடுவதாக எழுதியிருந்தாய். சதுர அடைப்புக்குறிக்குள் ஆர், இ இரண்டையும் போட்டால் இரண்டும் உள்ள வார்த்தை வராது. இரண்டில் ஏதாவது ஒன்று உள்ளதெல்லாம் வரும். ஆர் உள்ளவற்றை முதலில் வடிகட்டி, வந்ததை மறுபடி இ-க்கு வடிகட்டு. தெரியாத இடத்துக்கு ஒரு புள்ளி வை. தொடக்கக் குறியையும் (^) முடிவுக் குறியையும் ($) விட்டுவிட்டால் ஐந்தெழுத்துக்குப் பதில் பத்தெழுத்து வார்த்தைகளும் உள்ளே வரும். லினக்ஸ் இயங்குதளத்தோடு வரும் பட்டியல் ஆட்டத்துக்கு உதவாது. ஆள் பெயர், ஊர்ப் பெயரெல்லாம் அதில் கலந்திருக்கும்.

சில சமயம் தேடவே கூடாது. கடைசி நான்கு எழுத்தும் (ஐ, ஜி, எச், டி) பச்சை, 'நைட்' மாதிரி முடிகிறது என்று வை. எய்ட், டைட் போன்றவை முன்பே கழிந்திருந்தாலும் ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட் என்று ஆறு நிற்கும். ஒவ்வொன்றாகப் போட்டால் மொத்தமுள்ள ஆறு வாய்ப்பும் போதாது. அதற்குப் பதில் 'ஸ்னார்ல்' போடு. எஸ், என், ஆர், எல் நான்கும் ஒரே வீச்சில் சோதனையாகிவிடும். ஏதாவது ஒன்றில் நிறம் வந்தால் அதுதான் முதலெழுத்து. ஒன்றிலும் வராவிட்டால் ஃபைட், மைட் இரண்டே மிச்சம். தெரிந்த எழுத்தைக் கட்டாயம் பயன்படுத்தச் சொல்லும் கடின முறையில் மட்டும் இது செல்லாது.

இனி உன் முதல் கேள்வி. ஸ்கிராபிளில் 100 டைலில் (எழுத்துக் கட்டை) க்யூ ஒன்றே ஒன்று, 10 புள்ளி. யு-வுக்காகக் காத்திருக்காதே, அதுவும் மொத்தம் நான்குதான். யு இல்லாத க்யூ வார்த்தைகளில் பல அரபியிலிருந்து வந்தவை. தொண்டையின் அடியிலிருந்து வரும் ககரத்தை ஆங்கிலத்தில் க்யூ போட்டு எழுதுவார்கள். நமக்குத் தெரிந்த ஃபகீர் அப்படித்தான்: எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர். சீன மொழியிலிருந்து வந்தது க்யூ-ஐ, உயிராற்றல் என்று பொருள். இந்த இரண்டெழுத்தை உயிராகப் பிடித்துக்கொள். எழுத்தின் புள்ளியை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் க்யூ விழுந்து, குறுக்கிலும் நெடுக்கிலும் ஒவ்வோர் ஐ சேர்ந்தால் 31-ம் 31-ம் 62.

ஜே-யை வார்த்தையின் தலையில்தான் எல்லோரும் தேடுகிறார்கள். கடைசியில் தேடு: ஹஜ், ராஜ், தாஜ். ஆங்கிலத்துக்கு அன்னியமான முடிவு, நம் காதுக்குப் பழகியது. ஜே-ஓ என்ற இரண்டெழுத்தும் இருக்கிறது. எக்ஸ் இன்னும் இலகு, ஐந்து உயிரெழுத்தோடும் ஜோடி சேரும்: ஏ-எக்ஸ், இ-எக்ஸ், ஓ-எக்ஸ், எக்ஸ்-ஐ, எக்ஸ்-யு.

வி-தான் உண்மையான தலைவலி. அதை வைத்து இரண்டெழுத்து வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. அதனால் பலகையில் கிடக்கும் வி-யின் பக்கத்தில் இணையாக ஒன்றும் வைக்க முடியாது. கிவ், ஹாவ், லவ் என்று வி-யில் முடியும் ஒலிக்கெல்லாம் பின்னால் ஓர் இ போடுவது ஆங்கில எழுத்து மரபு, ஆகவே வி கடைசி இடத்துக்கும் அரிதாகவே போகும். கையில் இ இருக்கும்போதே வி-யைக் கழித்துவிடு.

ஏழு டைலையும் ஒரே முறையில் வைத்தால் கிடைக்கும் 50 புள்ளிக்கு, ஆறெழுத்து அடிச்சொல் ஒன்றைப் பழகு. 'ரெட்டினா' (ஆர், இ, டி, ஐ, என், ஏ) எனக்குப் பிடித்தது. சி சேர்ந்தால் செர்ட்டன், ஜி சேர்ந்தால் கிரானைட், கே சேர்ந்தால் கெரட்டின், எம் சேர்ந்தால் மினரெட், எஃப் சேர்ந்தால் ஃபெயின்டர். ஏழாவதாக என்ன வந்தாலும் முதலில் இதோடு ஒட்டிப் பார்.

ஒரு விஷயத்தை மட்டும் உடனே எழுது: எந்த வார்த்தை செல்லும் என்று சொல்லும் பட்டியல் இரண்டு உண்டு; உங்கள் ஆட்டம் வட அமெரிக்கப் பட்டியலிலா, காலின்ஸ் பட்டியலிலா? 2018-ல் வந்த அமெரிக்கப் பட்டியலில் இரண்டெழுத்து வார்த்தை 107, காலின்ஸின் 2019 பதிப்பில் 127. சி-எச் காலின்ஸில் செல்லும், அமெரிக்கப் பட்டியலில் செல்லாது; எதிராளி சவால் விட்டால் உன் அந்த முறையே போய்விடும். பதில் வந்ததும் அதற்கேற்ற இரண்டெழுத்துப் பட்டியலை எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சேகர்