முதுகுநாண் வேறு, முதுகெலும்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

விலங்கு வகைப்பாடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பறவைக்கு இறகு, பாலூட்டிக்கு ரோமமும் பால் சுரப்பியும் என அடையாளங்களைத் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் ‘முதுகுநாணிகள், அதாவது முதுகெலும்பு உள்ளவை’ என்ற வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதுகுநாண் எலும்பே அல்ல. முதுகுப் பக்கமாக ஓடும், வளைந்து கொடுக்கும் ஒரு தண்டு. அதற்கு மேலே உள்ளீடற்ற நரம்பு வடம், தொண்டையில் பிளவுகள், ஆசனவாயைத் தாண்டி நீளும் வால். வாழ்நாளில் ஏதாவதொரு பருவத்தில் இவை தலைகாட்டினால் அது முதுகுநாணி. கருவில் நமக்கும் இந்த நாண் உண்டு. (தொண்டைப் பிளவுகள் மட்டும் நம்மில் திறக்காத பைகளாகவே நின்றுவிடும்.) முள்ளெலும்புகள் உருவானபின் அவற்றுக்கு இடையிலுள்ள வட்டுகளின் நடுவில் மெத்தென்ற பகுதியாக அது எஞ்சுகிறது.

முதுகெலும்பே இல்லாத இரண்டு கூட்டங்கள் உங்கள் கட்டுரையில் விடுபட்டுப் போயின. ஒன்று ஆம்பியாக்ஸஸ். சில சென்டிமீட்டர் நீளத்தில் கடல் மணலில் புதைந்து வாழும் இதற்கு, நாண் தலை நுனிவரை ஓடி ஆயுள் முழுக்க நிலைக்கும். 1774-இல் இயற்கையியலாளர் பல்லாஸ் இதை ஓடில்லா நத்தை என்றே எண்ணி விவரித்தார்.

மற்றது அசிடியன். பாறையில் ஒட்டிக்கொண்டு நீரை வடிகட்டி உண்ணும் வெறும் பை போலத் தெரியும் இதை நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1866-இல் ரஷ்ய உயிரியலாளர் கோவலெவ்ஸ்கி அதன் இளவுயிரியை (லார்வாவை) ஆராய்ந்தார். தலைப்பிரட்டை போல நீந்தும் அந்தக் குட்டியின் வாலில் முதுகுநாண் இருந்தது! ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்ததும் வாலும் நாணும் உடலுக்குள் கரைந்துவிடும். மீன்போல் தோன்றும் ஆம்பியாக்ஸஸைவிட இந்தப் பைதான் நமக்கு நெருங்கிய உறவு என்று 2006-இல் வெளியான மரபணு ஒப்பீடு காட்டியது. இதை முதலில் படித்தபோது நானே நம்பவில்லை.

இன்னொன்று. ‘மீன்கள்’ என ஒரே பெட்டியில் அடைத்துவிட்டீர்கள். தாடையே இல்லாத லாம்ப்ரே, குருத்தெலும்பாலான சுறா, செவுள் மூடியுள்ள எலும்பு மீன் மூன்றும் தனித்தனி. ஊர்வனவற்றுக்கு மூன்றறை இதயம் என்றபோது, நான்கறை கொண்ட முதலையையும் சொல்லியிருக்கலாம்.

அடுத்த இதழில் திருத்தத்தோடு, அசிடியன் இளவுயிரியின் படம் ஒன்றையும் வெளியிட வேண்டுகிறேன். நாண் எங்கே என்று குறியிட்டிருந்தால் மாணவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
விலங்கியல் கற்பித்த வாசகர் ஒருவர்