திரையில் 2.7, காதில் 19.4: ஒலித் தாமதம் பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: புதிய அப்டேட்டுக்குப் பிறகு கூடிவிட்ட ஒலித் தாமதத்தையும் இடையில் வரும் 'டப்' சத்தத்தையும் சரிசெய்யக் கோருதல்

ஐயா / அம்மா,

உங்கள் இசை மென்பொருளுக்கு நான்கு ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். தாள வாத்தியத்தில் சிறு மைக் ஒட்டி, அந்தச் சத்தத்தை உங்கள் மென்பொருளில் உருமாற்றி, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மேடையில் வாசிக்கிறேன். போன மாத அப்டேட்டைப் போட்டதிலிருந்து விரல் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாக இருக்கிறது. வேகம் ஏற ஏற, காதில் விழுவதற்காகக் கை தானாகவே காத்திருக்கிறது. அப்புறம் தாளம் எங்கே நிற்கும்?

இதை முதலில் எழுதியபோது உங்கள் ஆள் தந்த பதில்: "செட்டிங்கில் 2.7 மில்லி விநாடி என்றுதான் காட்டுகிறது. அப்படியே 20 ஆனாலும் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு." நான் வாசிப்பது கண்ணிமையால் அல்ல. திரையில் தெரிவதை நம்பாமல் நானே அளந்து பார்த்தேன்.

மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து அதன் உள்ளீட்டுக்கே ஒரு கேபிளைச் சொருகினேன். ஒரே ஒரு 'க்ளிக்' சத்தத்தை அனுப்பி, அது சுற்றி வந்து சேருவதைப் பதிவு செய்தேன். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்) என்ற வேகத்தில், பஃபர் (கணக்கிடுவதற்காக ஒலியைச் சேர்த்து வைக்கும் தற்காலிக இடம்) 64 சாம்பிளில், புதிய பதிப்பு எடுத்துக்கொண்டது 931 சாம்பிள், அதாவது 19.4 மில்லி விநாடி. அதே கணினியில், இன்டர்ஃபேஸை இயக்கும் அதே டிரைவர் மென்பொருளில், முந்தைய பதிப்பு 419 சாம்பிள், 8.7 மில்லி விநாடி. பஃபரை 128 ஆக்கினால் புதியதில் 1059 சாம்பிள், பழையதில் 547. இரண்டு முறையும் வித்தியாசம் அச்சுப் பிசகாமல் 512. டிரைவரோ வன்பொருளோ கெட்டிருந்தால், பஃபர் அளவாக வழக்கமாக வைக்கும் 512 இப்படி மாறாமல் வராது. சொல்லாமல் கொள்ளாமல் 512 சாம்பிள் பஃபர் ஒன்றை நீங்கள் நடுவில் செருகியிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அது மட்டும் 10.7 மில்லி விநாடி. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்றால், ஸ்பீக்கரை மூன்றரை மீட்டருக்கு மேல் தள்ளி வைத்துவிட்டு வாசிக்கச் சொல்வது போல.

திரையில் காட்டும் 2.7 என்பது உள்ளே வரும் 64-ஐயும் வெளியே போகும் 64-ஐயும் கூட்டிய வெறும் கணக்கு. ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வெர்ட்டரும் யு.எஸ்.பி.யும் எடுக்கும் நேரம் அதில் இல்லை, இந்த 512-ம் இல்லை. பதிவு செய்த தடங்களும் இதே அளவுக்குப் பின்தங்கி விழுகின்றன. ஒவ்வொன்றையும் கையால் இழுத்து நகர்த்துகிறேன்.

அடுத்தது 'டப்' சத்தம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்தாற்போல வருகிறது. கோப்பைத் தானாகச் சேமிக்கும் ஆட்டோசேவின் இடைவெளியும் ஐந்து நிமிடம்தான். அதை அணைத்தால் சத்தம் நின்றுவிடுகிறது. 64 சாம்பிள் பஃபரில் ஒவ்வொரு சுற்றுக் கணக்கையும் 1.33 மில்லி விநாடிக்குள் முடித்தாக வேண்டும். எப்போது முடியும் என்று உறுதியில்லாத வட்டில் எழுதும் வேலைக்காக ஒலி இழையை (மென்பொருளுக்குள் ஒலியை மட்டும் கவனிக்கும் தனி வேலை ஓட்டத்தை) காக்க வைக்கக் கூடாது என்பது இந்தத் துறையில் பாலபாடம். கோப்பு எழுதும் வேலையைத் தனி இழைக்குக் கொடுங்கள். இரண்டு இழைகளும் ஒரே பூட்டுக்காக (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் தடைக்காக) காத்திருக்கவும் விடாதீர்கள். பஃபரை 1024 ஆக்கச் சொன்னீர்களே, அதில் உள்ளே வருவதோ வெளியே போவதோ, ஒரு பக்கத்துக்கே 21 மில்லி விநாடி போய்விடும். பதிவான தடங்களைக் கலவை செய்பவருக்கு அது சரிப்படும், நேரடியாக வாசிப்பவனுக்கு ஆகாது.

512 பஃபர் பலவீனமான கணினிகளுக்காக வந்தது என்றால் இருக்கட்டும். வேண்டாதவர்கள் அணைக்க ஒரு பொத்தான் வையுங்கள். திரையில் மொத்தத் தாமதத்தைக் காட்டுங்கள். இரண்டும் 30 நாளில் நடக்காவிட்டால் இந்த ஆண்டுச் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும். நான்கு அளவீடுகளின் ஒலிப்பதிவையும் இணைத்திருக்கிறேன்.

இப்போதைக்குப் பழைய பதிப்புக்குத் திரும்பியிருக்கிறேன். புதியதில் சேமித்த கோப்புகள் அதில் திறக்க மறுக்கின்றன. அவற்றைத் திறக்கும் வழியை மட்டும் இந்த வாரமே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்