குடியாத்தத்தில் உன்னை விட்டுவைத்த பதினைந்து நாள்

கண்ணு,

நேற்று ராத்திரி ஒன்றே கால் மணிக்கு நீ அனுப்பிய தைராய்டு ரத்த ரிப்போர்ட்டைக் காலையில் பால் வாங்கி வந்த பிறகுதான் பார்த்தேன். டி.எஸ்.எச். 0.05 என்று போட்டு, பக்கத்தில் சிவப்பில் கீழே பார்த்த ஒரு அம்புக்குறி. அதற்கடியில் நீ எழுதியிருந்ததில் முதல் வரி, "அம்மா, உனக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சா?" அப்புறம் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், இது நோயா பயமா, குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று வரிசையாக. உடனே கூப்பிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். ஆனால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ பத்து கேட்பாய், கடைசியில் நானும் "ஒண்ணும் ஆகாது, தூங்கு" என்று சொல்லி வைத்துவிடுவேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று. அதனால் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன், எவ்வளவு நீளம் போகிறதோ போகட்டும். மீட்டிங் நடுவில் படிக்காதே.

முதலில் ஒரு கேள்வி. தீபாவளிக்கு வந்தபோது முடி கொட்டுகிறது என்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாயே, பயோட்டின் என்று, அதை இன்னும் போடுகிறாயா? போன வருஷம் நான் செக்கப்புக்குப் போனபோது ரத்தம் எடுக்கிற பெண், "முடிக்கு, நகத்துக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா ஆன்ட்டி" என்று கேட்டாள். இந்த வயசில் எனக்கு எதற்கு அதெல்லாம் என்று சிரித்தேன். அப்புறம் அவள்தான் விளக்கினாள். சில மெஷின்களில் பயோட்டின் கணக்கைக் குழப்பிவிடுமாம். டி.எஸ்.எச்.ஐ உள்ளதைவிடக் குறைத்தும், தைராய்டு சுரக்கிற டி3, டி4 ஹார்மோன்களைக் கூட்டியும் காட்டுமாம், நல்ல கழுத்தே நோய்க் கழுத்து மாதிரி தெரியுமாம். அதனால் மறுபடி ரத்தம் கொடுப்பதற்கு முன் 2 நாளாவது அதை நிறுத்த வேண்டும், டோஸ் அதிகம் என்றால் இன்னும் கூடுதல் நாள், அதை டாக்டரிடமே கேட்டுக்கொள். உனக்கு இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்கிறாயே, அந்த மாத்திரை ரிப்போர்ட்டைத்தான் குழப்பும், நெஞ்சைக் குழப்பாது.

0.05 என்றால் என்ன என்று நீ ராத்திரி முழுக்கத் தேடியிருப்பாய். என் பள்ளிக்கூட பாஷையில் சொல்கிறேன். தலைக்குள் பிட்யூட்டரி என்று பட்டாணி அளவுக்கு ஒன்று இருக்கிறது, அதுதான் ஹெட்மாஸ்டர். கழுத்திலிருக்கிற தைராய்டைப் பார்த்து வேலை செய், வேலை செய் என்று அது போடுகிற அதட்டல்தான் டி.எஸ்.எச். டீச்சர் ஏற்கெனவே அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தால் ஹெட்மாஸ்டர் வாயே திறக்க மாட்டார். அதட்டல் இல்லை என்பதுதான் உன் 0.05. டீச்சர் ஏன் இப்படி ஓடுகிறாள் என்பது அந்த நம்பரில் இல்லை, அதற்குத்தான் மற்ற டெஸ்ட்.

போன மாதம் உனக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்ததே, அதையும் டாக்டரிடம் சொன்னாயா? வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னால் தைராய்டு வீங்கி, சேர்த்து வைத்த ஹார்மோனைக் கொட்டிவிடுவது உண்டு. சில வாரம் நெஞ்சு ஓடும், அப்புறம் கொஞ்ச நாள் எதிர்ப்பக்கம் மந்தமாகக்கூடப் போகும், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அதற்கு, சுரப்பைக் குறைக்க நான் சாப்பிட்ட கார்பிமசோல் மாத்திரை கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் அங்கே புதிதாக எதுவும் அதிகமாகச் சுரக்கவில்லை, இருப்பதுதான் ஒழுகுகிறது. எனக்கு வந்தது கிரேவ்ஸ், அது வேறு. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தப்பாகத் தைராய்டைப் பிடித்து அடித்து வேலை வாங்குகிற மாதிரி. எது என்று பிரித்துச் சொல்லத்தான் அந்த ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதியிருக்கிறார்கள். அது தெரியாமல் நீ நேற்று ராத்திரியே ஆபரேஷன் வரை போய்விட்டாய்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பாதிதான் உனக்குத் தெரியும்.

1997இல் உனக்கு மூன்று வயசு. அந்த ஆடி மாதம் பேங்கில் பணம் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தேன், கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு சீட்டு எழுதினேன், அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது சீட்டில் எழுதும்போது பேனா முனை காகிதத்தில் டக்டக்கென்று தட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. "பதட்டப்படாதீங்கம்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர். எனக்கு என்ன பதட்டம், என் பணம், என் பேர். அன்றைக்கு வெறுங்கையோடுதான் சத்துவாச்சாரிக்கு பஸ் ஏறினேன்.

அப்போது நான் சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் கணக்கே இல்லை. உங்க அப்பாவுக்கு எடுத்து வைத்ததையும் சேர்த்துச் சாப்பிடுவேன், ஆனால் ஜாக்கெட் எல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது. மார்கழிக் குளிரில் ராத்திரி எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தேன். அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தால் போதும், கத்துவேன். உங்க அப்பா வீட்டு ஆயா யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள், தாயத்தும் கட்டினார்கள். பாவம், அவர்களுக்குத் தெரிந்தது அது. படித்த டாக்டர் ஒருவர் (பேர் வேண்டாம்) நரம்புத் தளர்ச்சி என்று 7 மாதம் தூக்க மாத்திரை கொடுத்தார். அந்தச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது, தலைப்பில் வட ஆற்காடு மாவட்டம் என்று பழைய விலாசம் போட்டது.

கண்டுபிடித்தது ஒரு நர்ஸ். லத்தேரி பக்கத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்தவர். மதியம் நான் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடிக்கிறதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இன்னொரு மடக்கு குடிங்க" என்றார். குடித்தேன். "இன்னொண்ணு." குடித்தேன். கழுத்தில் ஏதோ ஏறி இறங்குகிறது, உடனே போய்க் காட்டுங்கள் என்றார். தைராய்டு விழுங்கும்போது மேலே ஏறி இறங்கும், அதுதான் அதன் அடையாளம். கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வந்து, வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அரை மணி பஸ் தூரத்தில் இருந்துகொண்டு நான் பெரிய டாக்டரைப் பார்க்க முக்கால் வருஷம் ஆனது.

பெரிய டாக்டர் என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். அரச இலை மாதிரி ஆடியது. "இது மனசு இல்லைம்மா, கழுத்து" என்றார். நீ இப்போது இதைப் படித்துவிட்டு ஆபீஸ் பிரின்டரிலிருந்து தாள் எடுத்து வைத்துப் பார்க்கப் போகிறாய், தெரியும். ஒரு தடவை பார், போதும். நான் ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்தேன், பயத்திலேயே அது ஆடியது.

இது நோயா பயமா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாயே, இந்த நோயில் அதுதான் பெரிய இம்சை. ஹார்மோன் கூடினால் அதுவே நெஞ்சைத் தட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், பயத்தை ஊதிப் பெரிதாக்கும். பயந்தாலும் இதே மூன்றும் நடக்கும். அந்த டாக்டர் சொன்ன ஒரு வழி இருக்கிறது. பயத்தில் ஓடுகிற நாடி பெரும்பாலும் தூங்கினால் அடங்கிவிடும், தைராய்டில் ஓடுகிற நாடி தூக்கத்திலும் அவ்வளவாக அடங்காது. உங்க அப்பா ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணி, பழைய டைரியில் 108, 112 என்று எழுதி வைத்திருந்தார். நீ கட்டியிருக்கிற வாட்ச் அதைத் தானாகவே எழுதும் என்பாய். எழுதட்டும், அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டு, பகலில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அதைத் தடவிப் பார்க்காதே. ஆனால் மாப்பிள்ளையை ஒரு ராத்திரி எண்ணச் சொல். அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், இல்லையென்றால் ராத்திரி ஒன்றே காலுக்கு எனக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டாய்.

கார்பிமசோல் சாப்பிட்டேன், 18 மாதம். முதல் சில நாளுக்கு நடுக்கம் அடங்க ப்ரொப்ரனலால் என்று ஒன்று சேர்த்துக் கொடுத்தார்கள், ஒரே வாரத்தில் பேனா என் பேச்சைக் கேட்டது. சின்ன வயசில் உனக்கு வீசிங் இருந்ததை உன் டாக்டரிடம் மறக்காமல் சொல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது. கார்பிமசோல் கொடுத்தால் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். அபூர்வமாகத்தான், ஆனால் சிலருக்கு அது ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். தொண்டை வலி, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. நான் பர்ஸில் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். நல்ல வேளை, ஒரு நாளும் தேவைப்படவில்லை.

மாத்திரை நிறுத்திய பிறகு சில மாதம் நன்றாக இருந்தேன். அப்புறம் திரும்பி வந்தது. சுமார் பாதிப் பேருக்கு வருமாம், அந்தப் பாதியில் நான். அடுத்தது ஆபரேஷன் அல்லது ரேடியோ அயோடின், அதாவது கதிர்வீசுகிற அயோடின் மருந்து, என்றார்கள். நான் அயோடின் என்றேன்.

அதுதான் உன் குடியாத்தம் கதை.

2000ஆம் வருஷம், மே மாதம், பள்ளி லீவு. உனக்கு ஆறு வயசு. மருந்து என்று ஒரு கனமான ஈயக் குடுவையைக் கொண்டுவந்து வைத்தார்கள், உள்ளே ஒரு மடக்குத் தண்ணீர் மாதிரி, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினேன், ஒரு ருசியும் இல்லை. தைராய்டு அயோடினை இழுத்துக்கொள்ளும் அல்லவா, அந்த ஆசையிலேயே கதிரையும் இழுத்துக்கொண்டு அடங்கிப்போகும். 8 நாளுக்கு ஒரு தரம் அதன் வீரியம் பாதியாகும். அது நன்றாகக் குறைகிறவரை தனியாகப் படுக்க வேண்டும், தட்டு டம்ளர் தனி, குழந்தையையும் கர்ப்பிணியையும் கிட்டத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. உன்னைப் பதினைந்து நாள் தள்ளி வைக்கச் சொன்னார்கள், குடியாத்தம் ஆயா வீட்டில் விட்டோம். உனக்கு எதுவும் சொல்லவில்லை. ஆறு வயசுக் குழந்தையிடம் என்ன சொல்வது என்று எங்களுக்கும் தெரியவில்லை. தெருவில் வேறு "அவங்களுக்குக் கரண்ட் வெச்சிருக்காங்களாம்" என்று பேச்சு, யாராவது உன் காதில் புற்றுநோய் என்று போட்டுவிடப் போகிறார்களே என்று பயம்.

வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் ஆயா உனக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்கள். அதை எனக்குக் காட்ட வேண்டும் என்று நீ அழுத அழுகையில் தறி சத்தமே கேட்கவில்லை என்பார்கள். தாங்காமல் உங்க அப்பா ஒரு மணி நேரத்துக்கு உன்னைக் கூட்டி வந்தார். நீ கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தாய். நான் எழுந்து பின்பக்கம் ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, "கிட்ட வராதே, போ" என்று கத்தினேன். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

"நீ என்னை ஆயா வீட்ல விட்டுட்டுப் போனே" என்று பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் சொல்லிக் காட்டினாய். நான் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை. நீ கொஞ்சம் பெரியவள் ஆனதும் சொல்லியிருக்கலாம். நாள் போகப் போக, இனிமேல் எதற்கு என்று விட்டுவிட்டேன். அது தப்பு கண்ணு.

அந்தப் புரட்டாசியில் வெயில் கொளுத்துகிறது, நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன். சுரப்பி அடங்கினது கொஞ்சம் அதிகமாகவே அடங்கிவிட்டது, அது எதிர்பார்த்ததுதான். அன்றிலிருந்து விடிகாலையில் வெறும் வயிற்றில், குறைகிற ஹார்மோனுக்குப் பதிலாகத் தைராக்ஸின் மாத்திரை, அரை மணி கழித்துத்தான் காபி, கால்சியம் மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. இருபத்தைந்து வருஷமாக இதுதான், பல் தேய்க்கிற மாதிரி. இதற்காக முட்டைக்கோஸை விட்டேனா, உப்பை மாற்றினேனா என்று கேட்காதே, முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு உட்பட எல்லாம் சாப்பிடுகிறேன்.

குழந்தை பற்றிக் கேட்டிருந்தாய். கிரேவ்ஸ் என்றே வந்தாலும் குழந்தை பெற்றுக்கொள்ளலாம், ஆனால் திட்டம் போட்டு. அந்த அயோடினைக் கர்ப்பத்தில் கொடுக்கவே மாட்டார்கள், கொடுத்தபின் 6 மாதமாவது தள்ளிப் போடச் சொல்வார்கள். முதல் மூன்று மாதத்துக்கு மாத்திரையும் வேறு. அதனால் இந்த மாதம் நாள் தள்ளியிருந்தால் ஸ்கேனுக்குப் போகிற முன்னாலேயே அங்கே சொல்லிவிடு. இதற்காகவாவது மாப்பிள்ளையை உட்கார வைத்துப் பேசு. அவர் கோபப்பட்டால் எனக்கு போன் போடு, நான் பேசிக்கொள்கிறேன். கோபப்பட மாட்டார், எனக்குத் தெரியும், போன பொங்கலுக்கு உனக்குத் தலைவலி என்றதும் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி மாத்திரை வாங்க ஓடி, ரயிலைக் கிட்டத்தட்ட விட்ட மனுஷன்.

புனேவுக்கு நான் வரட்டுமா என்று கேட்க மாட்டேன், நீ வேண்டாம் என்பாய். ரிப்போர்ட் வருகிற அன்றைக்கு அங்கே இருக்கிற மாதிரி டிக்கெட் போடச் சொல்லி உங்க அப்பாவிடம் சொல்லியாயிற்று. ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி, கொஞ்சம் கத்தரிக்காய், வேறு என்ன வேண்டும் என்று சொல்.

அந்த முடி மாத்திரை டப்பாவைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. பின்பக்கம், எத்தனை மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிற இடம். முன்பக்கம் வேண்டாம், அதில் கூந்தல் படம்தான் இருக்கும்.

அம்மா