வற்றாத நீர்: இதய அறுவைப் பிரிவுகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துறைத் தலைவர்களுக்கு, வணக்கம்.

அறுவைக்குப் பின் இதய உறையில் கொஞ்சம் நீர் கோப்பது சகஜம். பத்தாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். வற்றாமல், வடித்த பிறகும் திரும்பக் கோக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

காய்ச்சல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, சி.ஆர்.பி. (இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) உயர்வு என்றால் அது அழற்சி. ஐபுப்ரோஃபென் 600 மி.கி. மூன்று வேளை, பைபாஸ் ஆனவருக்கு அதற்குப் பதில் ஆஸ்பிரின். கூடவே அழற்சியை அடக்கும் கோல்கிசின் 0.5 மி.கி. இரு வேளை, எடை 70 கிலோவுக்குக் கீழே என்றால் ஒரு வேளை. சி.ஆர்.பி. இறங்கியதும் வலி மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாம். கோல்கிசின் முதல் தடவைக்கு 3 மாதம், திரும்பி வந்தால் 6 மாதம் தொடர வேண்டும். வலி போயிற்று என்று இரண்டே வாரத்தில் நிறுத்தினால், அடங்காத அழற்சி நீரைத் திரும்பக் கூட்டி வரும். சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் கோல்கிசின் அளவைக் குறையுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் கோல்கிசின் நஞ்சாகும்.

அழற்சி இல்லாத வெறும் நீருக்கு இந்த மருந்துகளால் பயனில்லை. டைக்ளோஃபினாக் (2010), கோல்கிசின் (2015) இரண்டையும் பிரான்சில் சோதித்தார்கள், நீர் குறையவில்லை.

ஸ்டீராய்டு அழற்சியைச் சட்டென்று அடக்கும், மருந்தைக் குறைத்ததும் அது திரும்பும். தவிர்க்கவே முடியாதபோது, காசநோய் இல்லை என்று உறுதி செய்தபின், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.2 முதல் 0.5 மி.கி. போதும்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது, உலோக வால்வு வைத்து, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்குக் கோப்பது இரத்தமாகவே இருக்கலாம். ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) அன்றே பாருங்கள், ஐபுப்ரோஃபென் வேண்டாம். இதயத்தின் பின்பக்கம் உறைந்து நிற்கும் இரத்தம் சாதாரண எக்கோவில் (மார்பின் மேல் வைத்து எடுக்கும் இதய ஸ்கேன்) தப்பிவிடும். மூச்சுத்திணறல், வேகத் துடிப்பு, சிறுநீர் குறைவு எல்லாம் இருந்தும் எக்கோ நார்மல் என்றால் நம்பாதீர்கள், சி.டி.யோ உணவுக்குழாய் வழி எக்கோவோ எடுங்கள். அந்த இடத்துக்கு ஊசி எட்டாது, அறுவை அரங்குக்கே போக வேண்டும். ஊசி எட்டும் இடத்தில் குழாய் போட்டால், ஒரு நாள் வடிவது 25 மி.லி.க்குக் கீழே இறங்கும்வரை அதை எடுக்காதீர்கள்.

முதல் அறுவையின்போதே தடுக்கவும் வழி உண்டு. உதரவிதானத்தை இயக்கும் இடப்புற ஃப்ரெனிக் நரம்புக்குப் பின்னால் இதய உறையை 4 முதல் 5 செ.மீ. கீறிவிட்டால், நீர் இடது நுரையீரல் உறைக்குள் வடிந்துவிடும். 2021-இல் வெளியான நியூயார்க் ஆய்வில் 420 பேர் இருந்தார்கள். கீறாதவர்களில் 21 சதவீதத்தினருக்கு நீர் கோத்தது, கீறியவர்களில் 12 சதவீதத்தினருக்கு.

டிஸ்சார்ஜ் தாளில் மூன்று வரி சேருங்கள்: இரண்டாம் வார எக்கோவின் தேதி, படுத்தால் மூச்சு முட்டினாலோ சிறுநீர் குறைந்தாலோ அன்றே வரவேண்டும் என்பது, இரவிலும் ஆள் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்.

இப்படிக்கு,
இதய நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்கள் சிலர்