தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பது தவறா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடை பில், மதிப்பெண் பட்டியல், சங்க ரசீது என்று நம் ஊர்களில் எழுதப்படும் டெஸ்க்டாப் மென்பொருள்களில் பலவும் அறிக்கையை எச்டிஎம்எல் கோப்பாக எழுதி, கணினியின் டீஃபால்ட் பிரவுசரில் திறந்து காட்டுகின்றன. அச்செடுக்க அது நல்ல வழிதான். ஆனால் ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால் சிலவற்றில் பக்கம் திறப்பதில்லை. 'இங்கிலீஷில் பெயர் வையுங்கள்' என்று பயனரிடம் சொல்வது வழக்கமாகிவிட்டது. இதை ஏற்க முடியாது. பழுது நிரலில் இருக்கிறது, அதைத் திருத்தவும் முடியும்.

விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய பழைய நிரல்கள் விண்டோஸின் ஷெல்எக்ஸிக்யூட் அழைப்பை (கோப்பை அதற்குரிய மென்பொருளில் திறக்கச் சொல்லும் கட்டளை) 'ஏ' வடிவத்தில், அதாவது யூனிகோடுக்கு முந்தைய ஆன்சி வடிவத்தில், பயன்படுத்துகின்றன. விண்டோஸில் தமிழுக்கென்று ஆன்சி கோட்பேஜ் (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) கிடையாது, யூனிகோடு மட்டுமே. அதனால் பாதையில், அதாவது கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் வரியில், உள்ள தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். கோப்புப் பெயரில் கேள்விக்குறியை விண்டோஸ் அனுமதிப்பதே இல்லை என்பதால் தேடுவது எங்கும் கிடைக்காது. அழைப்பு 32 அல்லது அதற்குக் குறைந்த எண்ணைத் திருப்பித் தந்தால் தோல்வி என்று பொருள். அந்த எண்ணைச் சோதிக்காத நிரலில் பயனர் பட்டனை அழுத்துவார், ஒன்றுமே நடக்காது. அழைப்பின் 'டபிள்யூ' வடிவத்தை, அதாவது யூனிகோடு வடிவத்தை, அறிவித்து, பாதையை ஸ்ட்ர்பிடிஆர் (எழுத்துகள் நினைவகத்தில் இருக்கும் இடத்தைத் தருவது) வழியாகக் கொடுத்தால் தமிழ் அப்படியே போய்ச் சேரும்.

பைத்தானில் சிக்கல் வேறு. 'ஃபைல்' என்ற சொல், முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடுகள், அதன்பின் பாதை என்று கையால் ஒட்டுகிறார்கள். இடைவெளியையும் தமிழையும் பிரவுசர் பெரும்பாலும் தானே சமாளித்துவிடும். ரசீது #12 என்ற கோப்பில்தான் மாட்டும்: # குறிக்குப் பின் வருவதைப் பக்கத்துக்குள் இருக்கும் ஓர் இடத்தின் பெயராக எடுத்துக்கொண்டு, 'ரசீது' என்பதோடு பாதையை முடித்துவிடும். கோப்பு இல்லை என்ற செய்திதான் வரும். பாதைகளைக் கையாளும் பைத்தான் மாட்யூலான பாத்லிப்பில் பாதையை முதலில் ரிசால்வ் செய்து (முழுப் பாதையாக்கி), பிறகு அதை முகவரியாக மாற்றும் ஆஸ்_யூஆர்ஐ அழைத்து, கிடைக்கும் முகவரியை வெப்பிரவுசர் மாட்யூலின் ஓப்பனுக்குக் கொடுங்கள். ரிசால்வ் அவசியம், முழுப் பாதையாக இல்லாவிட்டால் ஆஸ்_யூஆர்ஐ வேல்யூஎரர் என்ற பிழையைத் தரும். இப்படிச் செய்தால் இடைவெளி %20 ஆகவும், # குறி %23 ஆகவும் மாறும். 'தமிழ்' என்ற சொல்லுக்கு யுடிஎஃப்-8-இல் (யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) 15 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் %20 போல மூன்று குறிகளாவதால் முகவரியில் 45 குறிகளாக நீளும். பார்க்க விகாரமாக இருந்தாலும் அதுதான் சரியான வடிவம்.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: யூஸ்ஷெல்எக்ஸிக்யூட் (கோப்பைத் திறக்கும் வேலையை விண்டோஸிடம் விடவா என்ற அமைப்பு), பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் இயல்பாக ட்ரூ, டாட்நெட் கோரிலிருந்து ஃபால்ஸ். வெர்ஷன் மாற்றியதும் எச்டிஎம்எல் கோப்பு திறக்காமல் எக்ஸெப்ஷன் (பிழை) வருவது இதனால்தான். நீங்களே ட்ரூ என்று எழுதிவிடுங்கள்.

பிரவுசருக்குப் பதில் நோட்பேட் திறந்தால் நிரலைக் குறை சொல்லாதீர்கள். உள்ளூர்க் கோப்பைத் திறக்க விண்டோஸ் பார்ப்பது எச்டிஎம்எல் வகைக் கோப்புக்கு எந்த மென்பொருள் பொறுப்பு என்பதை. இணைய முகவரிக்கான அமைப்பு வேறு. செட்டிங்ஸில் டீஃபால்ட் ஆப்ஸ் பகுதியில் மாற்றலாம்.

இன்னொன்று, தற்காலிகக் கோப்பைத் திறந்த கையோடு அழிக்கக் கூடாது. திறக்கும் கட்டளை உடனே திரும்பிவிடும். பிரவுசர் கோப்பைப் படிப்பது அதற்குப் பிறகு. அடுத்த முறை நிரல் தொடங்கும்போது அழித்தால் போதும். லினக்ஸ் வகையான உபுண்டு 22.04-இல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் (கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்ட) தொகுப்பாக வருகிறது. அதற்குக் தற்காலிகக் கோப்புகளுக்கான, கணினியின் பொதுவான டிஎம்பி ஃபோல்டர் கண்ணில் படாது. அங்கே அறிக்கையைப் பயனரின் ஹோம் ஃபோல்டரில், பெயர் புள்ளியில் தொடங்காத இடத்தில் வையுங்கள்.

மென்பொருளை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் முன், 'தமிழ் ரசீது #12' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதிலிருந்து ஓர் அறிக்கையைத் திறந்து பாருங்கள். கணினிப் பயிற்சி மையங்களும் இதைச் செய்முறைப் பயிற்சியில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் பயிற்றுநர்,
மதுரை