அக்கா, அந்த ஹார்டு டிஸ்கை மட்டும் எடைக்குப் போடாதே

அன்புள்ள அக்கா,

பழைய கம்ப்யூட்டரை இந்த வாரம் எடைக்குப் போடப்போவதாகப் போனில் சொன்னாய். நானும் ஏதோ நினைப்பில் சரி, சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பெட்டியைப் போடு, மானிட்டரைப் போடு, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன அந்தக் கீபோர்டையும் போடு. உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றி எடுத்து வை. காரணத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். உன்னைப் போலவே ஒரு பழைய டிஸ்கை மூலையில் போட்டு வைத்திருப்பவர்கள் வேறு சிலரும் இருப்பார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

போன மாதம் என் புத்தகங்களுக்கு நடுவே உன் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. பின்னட்டையின் உட்பக்கம் முழுக்க ஆறு இலக்க எண்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 1, 2, 3 என்று வரிசை போட்டிருந்தாய். என்னவோ ரகசியக் கணக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஆரஞ்சில் நிமிர்த்தாதே' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் பிடிபட்டது. பிளாக்ஸார்ஸ் விளையாட்டு!

ஞாபகம் இருக்கிறதா? ஒரு செவ்வகக் கட்டை. அதை அம்புக்குறி விசைகளால் உருட்டி உருட்டி, சதுரக் குழிக்குள் செங்குத்தாக இறக்க வேண்டும். ஆரஞ்சு நிறக் கட்டத்தில் கட்டை நிமிர்ந்து நின்றால் கட்டமும் கட்டையும் சேர்ந்தே கீழே போய்விடும். மொத்தம் 33 நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் ஆறு இலக்க எண் உண்டு, அதைப் போட்டால் நேராக அந்த நிலைக்கே போய்விடலாம். டேமியன் கிளார்க் என்பவர் 2007-ல் செய்தது. அன்றைக்கு நமக்கு யார் செய்தது என்றெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை. ஒரு நிலை உனக்கு, ஒரு நிலை எனக்கு என்பது ஒப்பந்தம். நடந்தது என்னவோ ஐந்து உனக்கு, ஒன்று எனக்கு.

நோட்டை வைத்துக்கொண்டு உடனே பிரவுசரைத் திறந்தேன். நாம் வழக்கமாகப் போகும் பக்கம் வந்தது. விளையாட்டு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று, அதற்குள் இந்த பிளக்இன் ஓடாது என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அந்த பிளக்இன்தான் ஃபிளாஷ், பிரவுசருக்குள் இந்த மாதிரி விளையாட்டுகளை ஓட்டிய துணை மென்பொருள். அது போய்ச்சேர்ந்த கதை உனக்கும் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். 1996-ல் வேறு பெயரில் பிறந்து, மேக்ரோமீடியா கைக்குப் போய் ஃபிளாஷ் ஆகி, 2005-ல் அடோபியிடம் வந்து சேர்ந்தது. ஐபோனில் அதற்கு இடமில்லை என்று 2010-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாகவே எழுதினார். 2017 ஜூலையில் அடோபியே நாள் குறித்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றது. இதுவரை எனக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது இதற்கு அடுத்தது. 2021 ஜனவரி 12 முதல், நம் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிடக்கும் ஃபிளாஷ் பிளேயரும் எதையும் ஓட்ட மறுக்கும்படி, கடைசிப் பதிப்புகளுக்குள்ளேயே தேதி வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதில் அத்தனை பாதுகாப்பு ஓட்டைகள் இருந்தன, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனாலும் இருபது வருடம் ஊரே விளையாடிய மைதானத்துக்கு ஒரே நாளில் முள்வேலி போட்ட மாதிரிதான் எனக்கு இருந்தது.

நல்லவேளையாக, நாள் குறித்ததுமே மூட்டை கட்ட ஆரம்பித்தவர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பென் லாட்டிமோர் 2018 ஜனவரியில் ஃபிளாஷ்பாயின்ட் என்று ஒரு சேகரிப்பைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் சேர்ந்து தளம் தளமாகப் போய் அள்ளி வைத்ததில், இப்போது விளையாட்டுகளும் அனிமேஷன்களுமாக 2 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஃபிளாஷ் மட்டும் இல்லை, ஷாக்வேவ், ஜாவா ஆப்லெட், யூனிட்டி வெப் பிளேயர் என்று அதைப் போன்ற மற்ற பிளக்இன்களில் ஓடியவையும் உண்டு. குரோம் 2015-லேயே பழைய பிளக்இன் முறையைக் கைவிட்டதால் இவையெல்லாம் ஃபிளாஷுக்கு முன்பே போய்விட்டன. துக்கம் விசாரிக்கக்கூட ஆளில்லை.

இதை இரண்டு விதமாகத் தருகிறார்கள். அல்டிமேட் என்பது அத்தனையையும் மொத்தமாக இறக்கிக்கொள்வது. டெராபைட் கணக்கில் இடம் வேண்டும், நமக்குக் கட்டுப்படியாகாது. இன்ஃபினிட்டி என்பதில் லாஞ்சர், அதாவது விளையாட்டுகளைத் தேடித் திறக்கும் செயலி மட்டும் முதலில் வரும். ஒரு விளையாட்டை முதல் தடவை சொடுக்கும்போது அதன் கோப்புகள் இறங்கும், அதற்குப் பிறகு அதை விளையாட நெட்டே தேவையில்லை. நான் இன்ஃபினிட்டியைத்தான் போட்டேன். இடது பக்கம் பட்டியல்கள், நடுவில் சின்னச் சின்னப் படங்களாக விளையாட்டுகள், மேலே தேடும் கட்டம். பெயரைப் போட்டு இரண்டு தடவை சொடுக்கினேன். தனி ஜன்னல் ஒன்று திறந்தது. இரண்டு நொடி கறுப்பு. அப்புறம் அந்தக் கட்டை வானத்திலிருந்து வந்து 'தொம்' என்று விழுந்து நின்றது பார், அந்தச் சத்தம்! தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். ஸ்பீக்கரைக் குறைக்க மறந்திருந்தேன்.

ஒரு கோப்பை எடுத்து வைத்துத் திறப்பதற்கு இத்தனை ஆட்கள் எதற்கு என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். பல விளையாட்டுகள் ஒரே கோப்பு கிடையாது. முதல் கோப்பு திறந்ததும் நிலைகளுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று தன் தளத்திலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டே இருக்கும். இன்னும் சில, தான் எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்று முதலில் பார்க்கும். திருட்டுத்தனமாக வேறு இடத்தில் போடுவதைத் தடுக்க அதைச் செய்தவர்களே வைத்த காவல் அது. வேறு இடம் என்று தெரிந்தால் அசையாது. தளமே போன பிறகு என்ன செய்வது? லாஞ்சர் உன் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு சின்ன சர்வரை ஓட்டுகிறது. விளையாட்டு வெளியே கேட்கும் எதையும் வாசலிலேயே மறித்து, கையிலிருக்கும் பிரதியை நீட்டுகிறது. தான் இன்னும் அந்தப் பழைய முகவரியில்தான் இருக்கிறோம் என்று அது நம்பிக்கொண்டே ஓடுகிறது. பாவம், அதற்கு யார் போய்ச் சொல்வது?

ரஃபிள் என்று இன்னொன்றும் இருக்கிறது. ஃபிளாஷையே புதிதாக எழுதியது மாதிரி, அது இன்றைய பிரவுசருக்குள்ளேயே ஓடும். இணையத்தில் இருப்பதைச் சேகரித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் தன் ஃபிளாஷ் சேகரிப்பை அதை வைத்துத்தான் திறந்தது. பழைய சின்ன விளையாட்டுகளுக்கு அது அருமை, எதையும் நிறுவ வேண்டியதில்லை. பிற்காலத்துப் பெரிய ஃபிளாஷ் விளையாட்டுகளில் சில தடுமாறும், ஷாக்வேவ் பக்கம் அது போவதே இல்லை. ஒரு மதியம் பொழுது போக்க ரஃபிள் போதும். நாம் விளையாடியதை எல்லாம் தேடி எடுக்கணும் என்றால் ஃபிளாஷ்பாயின்ட்தான்.

உன் ஃபார்ம்வில் தோட்டத்தைப் பற்றிக் கேட்காதே. அது 2020 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. உன் கத்தரிக்காயும் மாடும் இருந்தது அந்த நிறுவனத்தின் சர்வரில், நம் கம்ப்யூட்டரில் இல்லை. ஆட்டத்தின் கோப்பைக் காப்பாற்றினாலும் தோட்டம் திரும்பாது. அலாரம் வைத்து எழுந்து அறுவடை செய்தாயே, போனது போனதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நத்தை விளையாட்டு. பெயர் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏதோ ஒரு பொருளுக்கு விளம்பரமாக அந்த நிறுவனத்தின் தளத்தில் வந்தது. மழை பெய்யும், நத்தை சுவரேறும், சொட்டு விழும்போது ஓட்டுக்குள் ஒளிய வேண்டும். லோடு ஆகும்போது கோட்டின் மேல் ஒரு குட்டி நத்தை ஊர்ந்து போகும். அது கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் நாம் சண்டை போட்டு முடித்திருப்போம். அதைத்தான் மூன்று வாரமாகத் தேடுகிறேன். ஃபிளாஷ்பாயின்டில் இல்லை. இந்த மாதிரி விளம்பர விளையாட்டுகள்தான் முதலில் தொலைகின்றன. பொருள் விற்று முடிந்ததும் தளத்தை எடுத்துவிடுவார்கள், அதில் ஒரு விளையாட்டு இருந்தது என்று அவர்களுக்கே நினைவிருக்காது.

பழைய இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் அந்தத் தளத்தின் பக்கம் கிடைத்தது. கை நடுங்கத் திறந்தேன். குட்டி நத்தை வந்தது. ஊர்ந்தது. கோட்டின் முனை வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்புவாயா? வேபேக் மெஷின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்த கோப்பை எடுத்து வைத்திருக்கிறது. அந்தக் கோப்பு உள்ளே இருந்துகொண்டு கேட்கும் அடுத்த கோப்பு அதற்குத் தெரியவில்லை. நிறைய விளையாட்டுகளுக்கு இதே கதிதான், வாசல் இருக்கும், வீடு இருக்காது.

அந்த இரண்டாவது கோப்பு ஒருவேளை உன் டிஸ்கில் இருக்கலாம். பிரவுசர் தான் பார்த்ததை எல்லாம் தற்காலிகக் கோப்புகளாக ஒரு பிரதி எடுத்து வைக்கும். புதியது வரவர பழையதை அழித்துக்கொண்டே போகும் என்பதும் உண்மைதான். ஆனால் நீ லேப்டாப் வாங்கிய நாளிலிருந்து அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. கடைசி வருடம் நாம் பார்த்தது என்னவோ, அது அப்படியே உறைந்து கிடக்கிறது. கிடைக்கும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பத்தில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம்.

ஒரு வேண்டுகோள், அதை ஆன் செய்து பார்க்காதே. ஆன் செய்தால் சும்மா இருக்க மாட்டாய், பிரவுசரைத் திறப்பாய், அது இருப்பதையும் துடைத்துவிடும். டிஸ்கைக் கழற்றி எனக்கு அனுப்பினால் போதும். இல்லை, நானே பார்க்கிறேன் என்றால், யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி முதலில் எல்லாவற்றையும் பிரதி எடு. அப்புறம் மறைந்திருக்கும் ஃபோல்டர்களையும் காட்டும்படி வைத்துக்கொண்டு 'டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ்' என்பதைத் தேடு. ஃபயர்ஃபாக்ஸ் என்றால் கோப்புகளுக்குப் பெயரும் இருக்காது, பின்னொட்டும் இருக்காது, வெறும் எண்ணும் எழுத்தும்தான். பயப்படாதே. ஒவ்வொன்றையும் நோட்பேடில் திறந்து முதல் மூன்று எழுத்தைப் பார். எஃப்டபிள்யூஎஸ் அல்லது சிடபிள்யூஎஸ் என்று ஆரம்பித்தால் அது ஃபிளாஷ் கோப்பு. மற்றது எல்லாம் குப்பை மாதிரி தெரியும், சேமிக்காமல் மூடிவிடு.

மேக்ரோமீடியா என்ற ஃபோல்டரையும் விட்டுவிடாதே. அதற்குள் 'ஷேர்டு ஆப்ஜெக்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும், எதுவரை விளையாடினோம் என்று பதிந்து வைத்த நம் சேவ் கோப்பெல்லாம் தளத்தின் பெயரில் ஃபோல்டர் ஃபோல்டராக அங்கேதான். விளையாட்டு பழைய முகவரியில் இருப்பதாகவே நம்புகிறது என்று சொன்னேன் அல்லவா? அதே தளத்திலிருந்து எடுத்த பிரதியாக இருந்தால், பழைய சேவ் கோப்பைக் கொண்டுபோய் அதே ஃபோல்டரில் வைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நத்தை கிடைத்தால் ஃபிளாஷ்பாயின்ட் ஆட்களுக்கு அனுப்புவேன். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். எங்கிருந்து எடுத்தது, எந்த ஆண்டு, எந்தக் கோப்பு முதலில் திறக்க வேண்டும் என்பதை எல்லாம் எழுதிக் கொடுத்தால், ஓட்டிச் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். செய்தவர் வந்து வேண்டாம் என்று சொன்னால் எடுத்தும் விடுவார்கள். அது நியாயம்தான்.

பிளாக்ஸார்ஸுக்கு மட்டும் சேவ் தேவைப்படவில்லை. உன் எண்கள் அப்படியே வேலை செய்கின்றன. விளையாட்டின் கோப்புக்குள்ளேயே இருப்பவை என்பதால் அவை கெடவே இல்லை. 19-ஐப் போட்டேன், திறந்தது. 22-ஐப் போட்டேன், திறந்தது. நீ கடைசியாக எழுதியது 27. அதில் நான்காவது இலக்கத்தின் மேல் ஏதோ சிந்தியிருக்கிறது. 1 என்று போட்டேன், 7 என்று போட்டேன், இரண்டுக்கும் மசியவில்லை. நெட்டில் தேடினால் ஒரு நொடியில் கிடைத்துவிடும், தேடவில்லை. அது உன் கையெழுத்து, நீயே சொல். போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி